‘ரத்தம் கம்மி’யா? கிட்னியையும் விசாரியுங்கள்!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் டிரசர் ஐயாவை மறக்கமாட்டார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வரிசை பிடித்து நிற்கும் பெண்களைக் கூப்பிட்டு, கீழிமையை விரலால் இழுத்துப் பார்ப்பார். உள்ளே வெளுத்திருந்தால் வேறு பரிசோதனையே கிடையாது. “ரத்தம் கம்மிம்மா!” அவ்வளவுதான். ஒரு காகிதப் பொட்டலத்தில் இரும்புச்சத்து மாத்திரை. கூடவே வேண்டுமென்றால் பூச்சி மருந்து. வீட்டுக்குப் போனால் பாட்டி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்தில் முகம் தெளிந்துவிடும். மறுபடியும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார்கள்.

இன்று அந்த லயங்களில் பல இல்லை. பேராவில் ரப்பர் மரம் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. சுங்கை சிப்புட், சிம்மோர், பத்து காஜா, கோப்பெங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய நம் மக்கள் புந்தோங்கிலும் சிலிபினிலும் மெங்லெம்புவிலும் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களோடு பழைய வைத்திய நம்பிக்கைகளும் அதே லோரியில் ஏறி வந்துவிட்டன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்துமா?

ஈப்போ வட்டாரத்தில் இன்று ‘ரத்தம் கழுவும்’ நிலையங்களுக்குப் போய்ப் பார்த்தால், வாரத்துக்கு மூன்று நாள் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்கும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர்களைக் காணலாம். வெளியே நாற்காலியில் குடும்பத்தார். அவர்கள் பேச்சில் அடிக்கடி வருவது இதுதான்: “ரெண்டு வருஷமா இரும்பு மாத்திரை முழுங்குறாரு, பீட்ரூட்டு சூப்பு குடுக்குறோம், கீரை குடுக்குறோம். ரத்தம் மட்டும் ஏறவே மாட்டேங்குது!”

ஏன் ஏறவில்லை? இந்த வாரம் அதைத்தான் நாம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

பழைய சோகை வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சோகை என்பது ஒரு நோயின் பெயரல்ல. காய்ச்சல் மாதிரி அது ஓர் அடையாளம். மலேரியாவிலும் காய்ச்சல் வரும், புண் பழுத்தாலும் காய்ச்சல் வரும்; இரண்டுக்கும் மருந்து ஒன்றா என்ன?

மலாயாத் தோட்டங்களில் அந்தக் காலத்துச் சோகைக்குப் பெரிய காரணம் கொக்கிப்புழு. ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய ஒரு குழு 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி நாடுகளில் இதற்காகவே சுற்றியது. டாக்டர் சாமுவேல் டார்லிங் அதற்குத் தலைவர். பார்பர், ஹேக்கர் என்ற இருவர் உடன் இருந்தார்கள். அவர்கள் அறிக்கை 1920இல் வெளிவந்தது. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கிறவன் பாதத்தின் வழியே புழு உள்ளே போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் ரத்தத்தை உறிஞ்சுகிறது. ஒழுங்கான கக்கூஸ் கட்டிக்கொடுக்காத தோட்டத்தில் இது ஓயாது. மலேரியா வேறு சேர்ந்துகொண்டு ரத்த அணுக்களை உடைத்தது. இந்த மாதிரிச் சோகையில் புழுவைக் கொன்று, போன இரும்புச்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் ஆள் தேறிவிடுவான். டிரசர் ஐயா செய்ததும் அதுதான்.

இன்னொரு சோகை பம்பாயில் பிடிபட்டது. அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த பெண்கள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கடுமையான சோகையில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். லண்டனிலிருந்து வந்த டாக்டர் லூசி வில்ஸ் என்ற அம்மையார் 1928லிருந்து அதை ஆராய்ந்தார். பம்பாயோடு நிற்காமல் குன்னூருக்கும் சென்னைக்கும் வந்து வேலை பார்த்தவர் அவர். கடைசியில் அவர் கண்ட மருந்து என்ன தெரியுமா? நம் வீட்டு அலமாரிகளிலும் இருக்கும் கறுப்புப் பசை, மார்மைட்! 1931இல் அதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டில் ஒளிந்திருந்த அந்தச் சத்து பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரைகளில் அதுவும் ஒன்று.

புழுச் சோகை, பிள்ளைத்தாய்ச்சிச் சோகை இரண்டிலும் உடம்புக்குச் சாமான் பற்றாக்குறை. சாமானைக் கொடுத்தால் வேலை நடக்கும். கிட்னிக்காரர்களின் சோகை அப்படிப்பட்டதல்ல.

கங்காணி வராத தோட்டம்

ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உற்பத்தியாவது எலும்பு மஜ்ஜையில். ஓர் அணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். செத்ததற்கு ஈடாகப் புதிது வந்துகொண்டே இருக்கவேண்டும். எவ்வளவு வேண்டும் என்று சொல்வது யார்? அங்கேதான் கிட்னி வருகிறது.

கிட்னி மூத்திரம் பிரிக்கும் சல்லடை என்று மட்டும்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. தன் வழியாக ஓடும் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறதா என்று அது ஓயாமல் மோப்பம் பிடிக்கிறது. குறைந்தால் உடனே ‘எரித்ரோபோய்ட்டின்’ என்ற ஒரு சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. ஆஸ்பத்திரியில் நர்சுகள் சுருக்கமாக ‘இப்போ ஊசி’ என்கிறார்களே, அந்த ‘இப்போ’ இதுதான். இந்தச் சுரப்பு மஜ்ஜைக்குப் போய் “இன்னும் ஆள் போடு” என்று உத்தரவு கொடுக்கிறது.

தோட்டத்துப் பாஷையில் சொன்னால் இன்னும் விளங்கும். ஆட்கள் பெரட்டுக் களத்தில் தயாராக நிற்கிறார்கள். கத்தி இருக்கிறது, வாளி இருக்கிறது, மரமும் இருக்கிறது. ஆனால் பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுக்கவேண்டிய கங்காணி வரவில்லை. யாராவது வேலைக்குப் போவார்களா? கூடுதலாக நூறு வாளி வாங்கி வைத்தால் மட்டும் பால் இறங்கிவிடுமா? கிட்னி கெட்டவருக்கு வெறும் இரும்பு மாத்திரையை அடுக்குவது, கங்காணி இல்லாத களத்தில் வாளி அடுக்குவது போலத்தான்.

வாளியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அதற்குப் பின்னால் வருவோம்.

சிக்காகோவில் ஆட்டு ரத்தம், ஜப்பானில் மூத்திரம்

இப்படி ஒரு சுரப்பு இருக்கவேண்டும் என்று பாரிஸில் கார்னோ, டெஃப்லாண்டர் என்ற இருவர் 1906லேயே சொன்னார்கள். யாரும் கையில் பிடித்துக் காட்டியதில்லை. 1950களில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சன் என்ற பேராசிரியர், யூஜின் கோல்ட்வாசர் என்ற இளம் இரசாயன ஆராய்ச்சியாளரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார். எலிகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எதை எடுத்தாலும் சுரப்பு நிற்கவில்லை. கிட்னியை எடுத்ததும் நின்றது. 1957இல் அதை அறிவித்தார்கள்.

அந்தச் சுரப்பைச் சுத்தமாகப் பிரித்து எடுக்க கோல்ட்வாசருக்கு எவ்வளவு காலம் ஆயிற்று? இருபது ஆண்டுகள்! சோகை உண்டாக்கிய ஆடுகளின் ரத்தத்தைக் குடம் குடமாக வடித்துப் பார்த்தார். 1971இல் ஆட்டின் சுரப்பு கொஞ்சம் கிடைத்தது. மனிதச் சுரப்புக்கு எங்கே போவது? அங்கேதான் ஒரு ஜப்பானியர் உதவிக்கு வந்தார்.

குமமோத்தோ பல்கலைக்கழகத்து டாக்டர் தகாஜி மியாக்கே, மஜ்ஜையே வேலை செய்யாத ஒருவகைச் சோகை நோயாளிகளைக் கவனித்து வந்தவர். மஜ்ஜை கேட்காததால் அவர்களின் கிட்னி மேலும் மேலும் சுரப்பைக் கொட்டுகிறது. மிச்சம் மூத்திரத்தில் போகிறது. மியாக்கே அதை விடவில்லை. கொஞ்ச நஞ்சமல்ல, 2,550 லிட்டர் மூத்திரம் சேர்த்தார்! அதைக் காயவைத்துப் பொடியாக்கி, பட்டுத் துணியில் கட்டி, 1975இல் சிக்காகோவுக்கே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அத்தனையிலும் கடைசியாகத் தேறியது ஏறக்குறைய 8 மில்லிகிராம் சுத்தச் சுரப்பு. 1977இல் அந்த வெற்றி அச்சில் வந்தது. மூத்திரத்தை அருவருப்பாய் நினைக்கிற நாம், அதிலிருந்துதான் இன்றைய ஊசிக்கு வழி பிறந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்தத் துளியைக் கொண்டு மருந்துத் தொழிற்சாலை நடத்த முடியாதே! கலிபோர்னியாவில் அம்ஜன் என்ற புதிய கம்பெனியில் வேலை பார்த்த தைவான்காரர் ஃபூ-குவென் லின், 1983இல் அந்தச் சுரப்பை உண்டாக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தார். அதை ஹாம்ஸ்டர் என்ற ஒருவகை எலியின் உயிரணுக்களில் புகுத்தியதும், அவை மனிதச் சுரப்பைத் தயாரிக்கத் தொடங்கின. கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. கோல்ட்வாசர் 2010இல் காலமானார். அவர் பெயரில் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உழைக்கிறவன் ஒருத்தன், அறுக்கிறவன் இன்னொருத்தன் என்று தோட்டத்தில் நாம் பார்த்த கதைதான், விஞ்ஞானத்திலும்!

சியாட்டிலில் எழுந்து நின்றவர்கள்

மருந்து கிடைத்தாலும் மனிதருக்குப் பலிக்குமா என்ற சந்தேகம் இருந்தது. கெட்ட கிட்னியால் உடம்பில் தேங்கும் விஷம் மஜ்ஜையையே முடக்கிவிடும். உத்தரவு கொடுத்தாலும் அது கேட்காது என்று பல டாக்டர்கள் நம்பினார்கள். சியாட்டில் நகரத்து டாக்டர் ஜோசப் எஷ்பாக் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கிட்னி கெட்ட ஆடுகளுக்கு டயாலிசிஸ் செய்து, அவற்றுக்குச் சுரப்பு நிறைந்த ரத்தநீரை ஏற்றிப் பார்த்தார். சோகை மாறியது. 1984இல் அதை வெளியிட்டார்.

அடுத்த ஆண்டின் கடைசியில் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் 25 பேர். 1987 ஜனவரியில் முடிவு வந்தது. பலன் தரும் அளவு ஊசி பெற்றவர்கள் 18 பேர். அவர்களில் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளிய 12 பேருக்கு, அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

இதன் அருமை இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. அதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளி என்றால் யாரோ கொடுத்த ரத்தத்தில்தான் உயிர். அந்த ரத்தத்தோடு ஈரல் அழற்சிக் கிருமியும் வரும். இரும்பு ஏறி ஏறி ஈரலிலும் இருதயத்திலும் படியும். இன்னொரு கேடு, பலருக்கு இப்போதும் தெரியாதது: பிறர் ரத்தம் ஏற ஏற, அந்நிய உடல்பொருளை எதிர்க்கும் சக்தி உடம்பில் வளர்ந்துவிடும், பின்னால் மாற்றுக் கிட்னி கிடைத்தாலும் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். நம் நாட்டில் முதல் கிட்னி மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. மாற்றுக் கிட்னிக்குக் காத்திருக்கும் இளம் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதை மனதில் வைக்கவேண்டும். “ஒரு பாக்கெட் ரத்தம் ஏத்திடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்” என்று நாமாகக் கேட்கக்கூடாது. உயிருக்கு அவசரமென்றால் டாக்டரே ஏற்றுவார்.

1989 ஜூனில் அமெரிக்க அரசாங்கம் ஊசிக்கு அனுமதி தந்தது. பிறகு உலகமெங்கும் பரவியது.

ஏற ஏற நல்லதா?

இனிதான் நாம் சொல்லவந்த முக்கியமான விஷயம்.

ஆரோக்கியமான ஆணுக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் குறையாமலும், பெண்ணுக்கு 12க்குக் குறையாமலும் இருக்கவேண்டும் என்பது கணக்கு. கிட்னி நோயாளிக்கு 7, 8 என்று இருக்கும். ஊசி போட்டால் 11க்கு வருகிறது. அப்படியானால் இன்னும் கொஞ்சம் போட்டு 13, 14 ஆக்கிவிட்டால் நல்ல மனுஷனைப்போல நடமாடலாமே? நோயாளிக்கு மட்டுமல்ல, பெரிய பெரிய டாக்டர்களுக்கும் இந்த ஆசை இருந்தது. போதாததற்கு, அமெரிக்காவில் போடுகிற ஊசிக்குத் தகுந்தபடி அரசாங்கக் காப்புறுதிப் பணமும் தனியாக வந்தது. அந்த முறை 2011இல்தான் மாறியது. அதிகம் போட்டால் அதிகம் காசு. ஆசைக்குக் கேட்கவா வேண்டும்!

1998இல் ஓர் எச்சரிக்கை வந்தது. இருதய நோயும் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தத்தை முழு அளவுக்கு உயர்த்திப் பார்த்த டாக்டர் அனட்டோல் பெசராபின் சோதனையைப் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. உயர்த்தியவர்கள் பக்கம் நன்மை தெரியவில்லை. சாவும் மாரடைப்பும் கூடுதலாகத் தெரிந்தன. அப்படியும் ஆசை விடவில்லை. அவர்கள் ஏற்கெனவே இருதயம் கெட்டவர்கள்தானே, டயாலிசிஸுக்கு முன்னாலேயே தொடங்கினால் நல்லதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அதைச் சோதித்தவர் பாஸ்டன் நகரத்து பிரிகாம் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் அஜய் சிங். டயாலிசிஸ் கட்டத்துக்கு வராத 1,432 கிட்னி நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு 13.5 இலக்கு, மற்றதற்கு 11.3. எல்லாருக்கும் அதே ஊசிதான். முடிவு 2006 நவம்பரில் வந்தபோது கிட்னி மருத்துவ உலகமே திடுக்கிட்டது. சாவு, மாரடைப்பு, இருதயம் தளர்ந்து ஆஸ்பத்திரியில் சேருதல், பக்கவாதம் எல்லாம் சேர்த்து, குறைந்த இலக்குப் பிரிவில் 97 பேருக்கு நேர்ந்தது. உயர்ந்த இலக்குப் பிரிவிலோ 125 பேருக்கு. போகட்டும், தெம்பாவது கூடியதா? அதுவும் இல்லை! அதே நேரத்தில் ஐரோப்பாவில் முடிந்த வேறொரு சோதனையும் உயர்த்துவதால் லாபமில்லை என்றது. மறு ஆண்டு அமெரிக்க மருந்துத்துறை, ஊசிப் பெட்டியின் மேலேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதவைத்தது.

இனிப்புநீர்க்காரர்கள் இதற்கு அடுத்ததைக் கவனித்துப் படிக்கவேண்டும். 2009இல் டாக்டர் மார்க் ஃபெஃபரும் கூட்டாளிகளும், இனிப்புநீர், கிட்னிக் கோளாறு, சோகை மூன்றும் சேர்ந்த 4,038 பேரிடம் செய்த ஆராய்ச்சி வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு 13ஐக் குறிவைத்து ஊசி. மறுபிரிவுக்கு வெற்று ஊசி, ரொம்பக் குறைந்தால் மட்டும் மருந்து. பக்கவாதம் வெற்று ஊசிப் பிரிவில் 53 பேருக்கு. உயர்த்திய பிரிவில் 101 பேருக்கு.

ஒரு மருந்தை ஊர் உலகம் கொண்டாடும்போது ‘கொஞ்சம் நில்லு’ என்று கணக்குக் காட்டிச் சொல்வது லேசான காரியமல்ல. கோல்ட்வாசர் இருபது வருஷம் தேடிய கதையை விட, நம் வீட்டு நோயாளிக்கு உடனடியாகப் பயன்படுவது அஜய் சிங் குழுவின் கணக்குதான் என்பது நம் கருத்து. இன்றைக்கு உலக வழிகாட்டிகள் பொதுவாக 10க்கும் 11.5க்கும் நடுவில் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. ஊசியால் 13ஐத் தாண்டவே கூடாது என்கின்றன. ஆகவே எண் ஏறியதும் டாக்டர் ஊசியைக் குறைத்தால், “கவர்மெண்டுல மருந்து மிச்சம் புடிக்கிறாங்க” என்று முணுமுணுக்க வேண்டாம். அது சிக்கனம் அல்ல. மூளைக்கும் இருதயத்துக்கும் போட்ட காவல்.

அதே சிங், ஊசிக்குப் பதில் விழுங்கும் மாத்திரை ஒன்றையும் பெரிய அளவில் சோதித்து 2021இல் முடிவு சொன்னார். டாப்ரோடுஸ்டாட் என்பது அதன் பெயர். உடம்பில் பிராணவாயு குறைந்துவிட்டது போலக் காட்டி, சொந்தச் சுரப்பையே கிளப்பிவிடும் தந்திரம் அது. அந்த மோப்பம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டவர்களுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. மூவரில் ஒருவரான பீட்டர் ராட்கிளிஃப் ஒரு கிட்னி டாக்டர். ரத்தத்தை ஏற்றுவதிலும் இருதயத்தைக் கெடுக்காமல் இருப்பதிலும் மாத்திரை ஊசிக்குக் குறைந்ததாக இல்லை என்று டயாலிசிஸ் நோயாளிகளிடம் தெரிந்தது. 2023 பிப்ரவரியில் டயாலிசிஸ்காரர்களுக்கு மட்டும் அமெரிக்கா அனுமதி தந்தது. புதிய மருந்து என்று கேள்விப்பட்டதும் யாரிடமாவது சொல்லி வரவழைக்கும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. இதில் அது வேண்டாம்!

நம் வீட்டுக் கணக்கு

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாலு எண்கள். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்புநீர்; இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 பேர். மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம்! 2018இல் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் கிட்னிக் கோளாறு. அது 2011இல் 9 பேராக இருந்தது. கிட்னிக் கோளாறு இருந்தவர்களில் தங்களுக்கு அது இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். நாடு முழுக்க டயாலிசிஸில் இருப்போர் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். புதிதாகச் சேருவோரில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் வந்தவர்கள்.

தோட்டத்தில் வெயிலில் நடந்து மலையேறி இறங்கிய உடம்பு; இப்போது தாமான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. தே தாரிக் மட்டும் குறையவில்லை. புந்தோங் கச்சாங் பூத்தே உலகப் புகழ் பெற்றது. நமக்கும் அதில் பெருமைதான். ஆனால் அதன் உப்பை ரத்த அழுத்தக்காரர் மறக்கக்கூடாது. முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் போன்ஸ்டான், வோல்ட்டரன் வகை வலிமாத்திரைகளை மாதக்கணக்கில் முழுங்குவது கிட்னிக்கு ஆகாது. பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகைச் சூரணங்களும்’ அப்படியே. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ இருக்கிறவர் படி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது, முகம் வெளுக்கிறது, கால் வீங்குகிறது என்றால் “வயசாச்சு” என்று விட்டுவிடக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கம்மி என்று சொன்னால், கிட்னிக்கும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், மூத்திரத்தில் புரதம்: இந்த இரண்டு சோதனையும் அங்கேயே ஏற்பாடாகும். மேல் சிகிச்சை வேண்டுமானால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். வேலை செய்த காலத்தில் சொக்சோ சந்தா கட்டியவர்கள், டயாலிசிஸ் செலவுக்கு அங்கே உதவி உண்டா என்று விசாரிக்காமல் இருந்துவிடாதீர்கள். அதற்கு விதிமுறைகள் உண்டு, விண்ணப்பித்தால்தான் தெரியும். படிவம் நிரப்பத் தெரியாமல் பயந்து விட்டவர்கள் எத்தனையோ பேர். பிள்ளைகள் ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிப் போனால் என்ன?

இனி அந்த வாளி விஷயம். கங்காணி ஊசி மூலம் வந்துவிட்டால், வாளியும் வேண்டும். இரும்புச்சத்து இல்லாதவருக்கு ஊசி எவ்வளவு போட்டாலும் பலிக்காது. அதனால்தான் ‘ஃபெரிட்டின்’ என்று ஒரு சோதனை எடுக்கிறார்கள். கிட்னி நோயில் குடல் இரும்பைச் சரியாக உறிஞ்சாது. ஆகவே டயாலிசிஸ்காரர்களுக்கு நரம்பு வழியே இரும்பு ஏற்றுவது வழக்கம். 2019இல் பிரிட்டனில் டாக்டர் இயன் மெக்டூகல் குழு 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் பார்த்ததில், இரும்பை முன்கூட்டியே தாராளமாக ஏற்றியவர்களுக்கு இப்போ ஊசியும் குறைவாகத் தேவைப்பட்டது, இருதயக் கோளாறும் குறைவாக வந்தது. மாத்திரையாகச் சாப்பிடச் சொல்லியிருந்தால் அதைத் தேத்தண்ணியோடு முழுங்காதீர்கள். எலும்புக்கென்று கொடுக்கும் சுண்ணாம்பு மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். இரண்டும் இரும்பை உள்ளே விடாது.

அந்தக் கீரையும் பீட்ரூட்டும்? பாட்டி வைத்தியத்தைக் கிண்டல் செய்ய நமக்கு மனமில்லை. ஆனால் டயாலிசிஸ்காரருக்குக் கீரைச்சாறு, பீட்ரூட், வாழைப்பழம், இளநீர் எல்லாம் ஆபத்து. அவற்றில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். கெட்ட கிட்னி அதை வெளியே தள்ளாது. ரத்தத்தில் ஏறினால் இருதயத் துடிப்பே நின்றுவிடலாம். அன்பாகக் கொடுக்கும் சூப்பே எமனாகக் கூடாது! எந்தக் காய், எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போ ஊசி ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடியது. ஊசி தொடங்கிய முதல் மாதங்களில் அழுத்தத்தை அடிக்கடி பாருங்கள்; தலைவலி பலமாக இருந்தால் நர்சிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். வயிற்றில் தண்ணீர் விட்டு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்கள் ஊசியையும் வீட்டுக்கு வாங்கி வருவார்கள். அது ஐஸ்பெட்டியில் இருக்கவேண்டிய பொருள். 2லிருந்து 8 டிகிரி வரை. மேல்தட்டில் ஐஸ் உறையும் இடத்தில் வைத்தால் கெட்டுவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஐஸ் வைத்த பையில் கொண்டுவாருங்கள், மோட்டார் சைக்கிள் கூடையில் வெயிலில் போடாதீர்கள், போடுவதற்கு முன் குலுக்கவும் வேண்டாம்.